ஏடு சரி, எழுத்து சரியா?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்) மாணவி

கணக்கு இல்லாத வாழ்வு இல்லை. பால்காரர் கதவு நிலையில் இடும் கரிக்கோடு முதல் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம் வரை, மனிதன் மனிதனை நம்புவதற்காக எழுதி வைத்துக்கொண்ட சாட்சிகளே கணக்குகள் எனலாம். எழுதியவர் மறந்தாலும் எழுத்து மறவாது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் அந்த எழுத்தை எழுதியவராலேயே படிக்க முடியாமற் போனால்? ஏடு கையில் இருக்கிறது. எழுத்தும் உள்ளே இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை என்றால்? இந்தக் காலத்தின் புதுமையான துன்பம் இது. அதைப் பற்றியும், அதற்கு மருந்தாக நான் கண்ட ஒரு சிறு கருவியைப் பற்றியுமே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

கணிப்பொறித் துறைக்கு வெளியே உள்ள நண்பர்களும் இம்மலரைப் படிப்பார்கள். ஆகவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். கணிப்பொறியில் கோப்புகள் இருவகை. ஒன்று, எந்த எளிய நிரலால் திறந்தாலும் எழுத்தாகவே தெரியும் உரைக் கோப்பு. மற்றொன்று பைனரிக் கோப்பு. அதனைத் திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளும் பொருளற்ற கிறுக்கல்களுமே தென்படும். விரைவாகத் தேடுவதற்கும், இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கும் ஏற்றவாறு, கணிப்பொறி தனக்குப் புரிந்த முறையில் செய்திகளை அதில் அடுக்கி வைத்திருக்கிறது. பெரும்பாலான தரவுத்தளங்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இன்று உலகில் மிகப் பரவலாக வழங்கும் தரவுத்தளக் கோப்பு எஸ்.கியூ.லைட் என்பதாகும். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000 ஆம் ஆண்டில் இதனைப் படைத்தார். அந்நாட்டுக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றிற்கான நிரல் எழுதும் பணியில் அவர் இருந்தபோது, தரவுத்தளத்தை வழங்கும் பெரிய சர்வர் நின்றுவிட்டால் அதை நம்பியிருந்த நிரலும் செயலற்றுப் போவதைக் கண்டார். சர்வரே தேவைப்படாமல், ஒரே ஒரு கோப்பில் எல்லாச் செய்திகளையும் வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அப்போது பிறந்தது. யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். 2004 இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு அமைப்பே இன்றளவும் நிலைத்திருக்கிறது. 2050 ஆம் ஆண்டு வரை இதனைப் பேணிக் காப்பது தங்கள் நோக்கம் என அதனை உருவாக்குவோர் அறிவித்துள்ளனர். நம் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியில் குறுஞ்செய்திகள், தொலைபேசி எண்கள், பல செயலிகளின் கணக்குகள் எல்லாம் இத்தகைய கோப்புகளில்தான் உறங்குகின்றன.

இந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஒரு சிறு கருவி உண்டு. அதில் படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி காத்திருக்கும். கட்டளையைத் தட்டச்சு செய்தால் பதிலை எழுத்தில் தரும். இதையே கட்டளை வரிக் கருவி என்கிறோம். அது செய்யும் வேலைகள் பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது. மற்றொன்று, உள்ளே இருப்பதையெல்லாம் மனிதர் படிக்கும் எழுத்தாகப் பெயர்த்துக் கொட்டுவது. முன்னதற்கு ‘இன்டெக்ரிட்டி செக்’ என்றும் பின்னதற்கு ‘டம்ப்’ என்றும் பெயர். பாடமாகப் படித்தபோது இவ்விரண்டும் எனக்கு இரண்டு மதிப்பெண் வினாக்களாகவே தோன்றின. அவற்றின் அருமை எங்கள் ஊர் மகளிர் குழுவின் கணக்கு வாயிலாகவே விளங்கிற்று.

எங்களுடையது தருமபுரி மாவட்டம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 இல் முதன்முதலாகத் தோன்றியது எங்கள் மாவட்டத்தில்தான் என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமை உண்டு. எங்கள் ஊர்க் குழுவில் 16 பெண்கள். புளி தட்டுபவர்கள், ஆடு வளர்ப்பவர்கள், தக்காளிக் காட்டுக்குக் கூலிக்குச் செல்பவர்கள். வாரம் 50 ரூபாய் சேமிப்பு. புதன்கிழமை மாலை அங்கன்வாடித் திண்ணையில் கூட்டம். பிள்ளைகளின் கட்டணம், மருத்துவம், புளி மரக் குத்தகை எனத் தேவை வரும்போது அந்தச் சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்வார்கள். என் தாயார்தான் குழுவின் ஊக்குநர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேரேடு எழுதும் கை அவருடையது.

2018 மே மாதத்தில் குழுவினர் பேரேட்டை விட்டுவிட்டுக் கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு மாறினர். இலவசமாகக் கிடைத்தது, தமிழில் பெயர் எழுதலாம், கூட்டுத்தொகையைத் தானே போட்டுக் காட்டும். தனித்தனிப் பாஸ் புத்தகங்களில் மட்டும் கையால் எழுதுவது தொடர்ந்தது. அதுவும் எல்லார் புத்தகத்திலும் எல்லா வாரமும் ஏறவில்லை. ஐந்தாண்டுகள் இப்படிச் சென்றன. பின்னர் ஒரு மழைநாளில் கைப்பேசி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. புதிய கைப்பேசி வாங்கிய பிறகு பார்த்தால், அந்தச் செயலி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். பழைய கைப்பேசியின் மெமரி கார்டில், செயலி தானாகவே எடுத்து வைத்திருந்த ஒரு நகல் கோப்பு மட்டும் தப்பியது. எதில் திறந்தாலும் கிறுக்கலாகவே தெரிந்தது.

கைப்பேசி போனது பெரிதன்று. யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு கடன் கட்டினார் என்பதற்குச் சாட்சி போயிற்று என்பதுதான் பெரிது. 16 குடும்பங்களின் காசு அது. முதல் வாரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் வாரம், “நான் நாலு தவணை கட்டிட்டேனே, மூணுன்னு சொல்றாங்களே” என்று ஒரு குரல் எழுந்தது. மூன்றாம் வாரம் கூட்டத்துக்கு ஐந்து பேர் வரவில்லை. பணத்தைக் கையாளும் பெண்ணின் மேல் ஊரில் ஒரு சொல் விழுந்தால் அதைத் துடைப்பது எளிதன்று. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது, எங்கும் குறையவில்லை. ஆனால் அதில் எவருடையது எவ்வளவு என்று சொல்ல ஏடு இல்லை. என் தாயார் அந்நாட்களில் சரியாக உறங்கவில்லை என்பதை நான் அறிவேன்.

கோப்பை எங்கள் துறையின் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றேன். எங்கள் பேராசிரியை முதலில் சொன்ன சொல்: “அம்மா, மூலத்தைத் தொடாதே. ஒரு நகல் எடு. நகலில் வேலை செய்.” இது வெறும் எச்சரிக்கை அன்று. பாதியில் நின்ற எழுத்து வேலை ஏதேனும் இருந்தால், கோப்பைத் திறந்தவுடனேயே கருவி அதைச் சீர் செய்யத் தொடங்கிவிடும். அதாவது கோப்பு மாறிவிடும். மாறிய பின் பழைய நிலையை மீட்க இயலாது. ஆகவே மெமரி கார்டை உறையிலிட்டு மேசை அறையில் பூட்டிவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம்.

அந்தக் கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது என்றே எங்களுக்கு முதலில் தெரியாது. யூனிக்ஸ் தோன்றிய காலந்தொட்டு வழங்கும் ‘ஓடி’ என்னும் சிறு கட்டளை, எந்தக் கோப்பையும் பைட் பைட்டாக எண்களில் காட்டும். முதல் 16 எண்களைப் பார்த்தோம்: 83, 81, 76, 105, 116, 101, 32, 102, 111, 114, 109, 97, 116, 32, 51, 0. இவற்றை எழுத்தாக மாற்றினால் ‘எஸ்கியூலைட் ஃபார்மட் 3’ என்று வருகிறது; கடைசியில் ஒரு சுழியம். ஒவ்வொரு எஸ்.கியூ.லைட் கோப்பும் நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கும் பொட்டு இது. பேராசிரியையின் முகம் மலர்ந்தது. அடுத்த இரண்டு எண்கள் 16, 0. அதன் பொருள், கோப்பு 4096 பைட் கொண்ட பக்கங்களாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது.

இன்னும் கீழே செல்லச் செல்ல 224, 174 என்ற இணை மீண்டும் மீண்டும் வந்தது. இடையிடையே 224, 175. எனக்கு உடல் சிலிர்த்தது என்றால் மிகையன்று. யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகள், யு.டி.எஃப் 8 வடிவில், ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆகும். முதல் இரண்டு பைட்டுகள் 224, 174 அல்லது 224, 175 ஆகவே இருக்கும். ‘மணி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மகரத்திற்கு 224, 174, 174. ணகரத்திற்கு 224, 174, 163. மேலே சுழிக்கும் இகரக் குறிக்கு 224, 174, 191. ஈரெழுத்துப் பெயருக்கு ஒன்பது பைட்டுகள். அந்த எண்களின் காட்டுக்குள் எங்கள் ஊர்ப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனிக் கருவியின் முறை. சரிபார்க்கும் கட்டளையை இட்டோம். அது என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. எஸ்.கியூ.லைட் கோப்பில் ஒவ்வோர் அட்டவணையும் ஒரு மரம்போல் அமைந்திருக்கிறது. வேர்ப் பக்கத்திலிருந்து கிளைப் பக்கங்கள். கிளைகளிலிருந்து இலைப் பக்கங்கள். இலைகளில்தான் உண்மையான வரிகள் இருக்கும். பி மரம் எனப்படும் இவ்வமைப்பை பேயர், மெக்ரைட் என்னும் இருவர் வகுத்தனர். அவர்களது கட்டுரை 1972 இல் வெளியாயிற்று. சரிபார்க்கும் கட்டளை இந்த மரம் முழுவதையும் நடந்து பார்க்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஏதேனும் ஒரு மரத்தைச் சேர்ந்ததா, அல்லது வெற்றுப் பக்கங்களின் பட்டியலில் உள்ளதா? ஒரே பக்கத்தை இரண்டு மரங்கள் உரிமை கொண்டாடுகின்றனவா? வரிகள் வரிசை மாறாமல் இருக்கின்றனவா? ஒவ்வொரு வரிக்கும் உரிய குறிப்பு சொல்லடைவில் இருக்கிறதா? இத்தனையையும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாயின் ‘ஓகே’ என்ற ஒரே சொல்லைத் தந்து நின்றுவிடும். குறையிருந்தால், வரிக்கு ஒன்றாக, இயல்பாக நூறு குறைகள் வரை எடுத்துச் சொல்லும்.

எங்கள் கோப்பிற்கு ‘ஓகே’ வரவில்லை. குறிப்பிட்ட சில வரிகள் சொல்லடைவில் இல்லை என்றும், சொல்லடைவில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கை தவறு என்றும் நான்கைந்து குறைகள் வந்தன. நெஞ்சு ஒரு கணம் நின்றது. பேராசிரியை விளக்கினார்: புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு கிழிந்திருக்கிறது, புத்தகம் கிழியவில்லை. செயலி ஏதோ எழுதிக்கொண்டிருந்த வேளையில் நகல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதும்போது உடனிருக்கும் துணைக் கோப்பை விட்டுவிட்டு முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் இத்தகைய பழுது நேர்வது உண்டு.

அடுத்துக் கொட்டும் கட்டளை. ஒரே சொல், நுழைவு விசை ஒரு தட்டு. திரையில் எழுத்து அருவியாக இறங்கிற்று. முதலில் அட்டவணைகளை உண்டாக்கும் கட்டளைகள்: உறுப்பினர், சேமிப்பு, கடன், தவணை. அதன்பின் வரிக்கு வரி, ‘இதைச் சேர்’ என்ற கட்டளையும் அடைப்புக்குறிக்குள் எண்களும் பெயர்களும். கொட்டப்பட்ட உரை வெறும் பட்டியல் அன்று. அதையே திரும்பக் கருவிக்குள் ஊட்டினால் முழுத் தரவுத்தளமும் புதிதாகப் பிறக்கும். அதன் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும் என்று பேராசிரியை கற்றுத் தந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தால் அங்கே ‘கமிட்’, அதாவது ‘உறுதி செய்’ என்றிருக்கும். இடையில் படிக்க முடியாத பக்கம் வந்திருந்தால் ‘ரோல்பேக்’, அதாவது ‘பின்வாங்கு’ என்று எழுதிவிடும். அரைகுறை ஏட்டை முழு ஏடென்று எவரும் நம்பிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. அந்நிலையில் உள்ளதையேனும் மீட்க ‘ரிகவர்’ என்னும் வேறொரு கட்டளை 2019 முதல் இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கடைசி வரியில் ‘கமிட்’ என்றே இருந்தது. உரையிலிருந்து புதுக் கோப்பு ஒன்றைக் கட்டிச் சரிபார்த்தோம். சொல்லடைவும் புதிதாக எழுந்ததால், இம்முறை ‘ஓகே’ வந்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். நான் கற்றது இதற்குப் பின்னர்தான்.

உரையை அச்சிட்டு ஊருக்கு எடுத்துச் சென்றேன். புதன்கிழமைக் கூட்டத்தில் அன்று அனைவரும் வந்திருந்தனர். தத்தம் பாஸ் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். நான் வாசிக்க, அவர்கள் ஒப்பிட்டனர். தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். செயலி தேதிகளைத் தேதிகளாக எழுதி வைக்கவில்லை. 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கடந்த மில்லி விநாடிகளாக, 13 இலக்க எண்களாக எழுதி வைத்திருந்தது. கருவியே அவற்றைத் தேதியாக மாற்றித் தரும். 1546367400000 என்ற எண்ணுக்கு அது தந்த விடை 2019 ஜனவரி 1, மாலை 6.30. நான் அதை வாசித்ததும் என் தாயார் இடைமறித்தார்.

“ஏ புள்ள, புது வருசத்தன்னிக்கு ஏதுடி கூட்டம்? அடுத்த நாளில்ல புதன்?”

மற்றவர்களும் ஆமாம் என்றனர். காரணம் விளங்கிற்று. கருவி தானாகக் காட்டுவது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது. 6.30 உடன் ஐந்தரையைக் கூட்டினால் நள்ளிரவு 12. தேதி ஜனவரி 2, புதன்கிழமை. உள்ளூர் நேரம் என்று ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்ததும் எல்லாக் கூட்டங்களும் புதன்கிழமைக்கு வந்து அமர்ந்தன. இதில் கோப்பின் பிழை ஏதுமில்லை. கருவியின் பிழையும் இல்லை. ஆயினும் அந்த எண் எங்கள் ஊரில் எந்த நாளைக் குறிக்கிறது என்பதைச் சொல்ல எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஓர் அக்காவின் சேமிப்பில் ஒரு வாரம் மட்டும் 500 என்றிருந்தது. அவரே எழுந்து, “அது அம்பது கண்ணு. ஐந்நூறு கட்ட எனக்கேது?” என்றார். பாஸ் புத்தகத்திலும் 50 தான். ஒரு சுழியம் கூடுதலாகத் தட்டப்பட்டிருக்கிறது. சரிபார்க்கும் கட்டளை இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கு 50 ம் எண். 500 ம் எண். தனக்கு 450 ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டிருந்ததைத் தானாக எழுந்து மறுத்த அந்த அக்காவின் நேர்மையை எந்தக் கட்டளையால் அளக்க முடியும்?

மூன்றாவது செய்திதான் எங்களை வாயடைக்கச் செய்தது. எஸ்.கியூ.லைட்டில் இன்னொரு சரிபார்ப்பு உண்டு. ‘ஃபாரின் கீ செக்’ என்பது அதன் பெயர். ஓர் அட்டவணையின் வரி மற்றோர் அட்டவணையின் வரியைச் சுட்டுமாயின், சுட்டப்பட்டது உண்மையில் இருக்கிறதா என்று அது பார்க்கும். முன் சொன்ன ‘இன்டெக்ரிட்டி செக்’ இதனைப் பார்ப்பதில்லை. இந்தக் கட்டளையை ஆய்வுக்கூடத்திலேயே இட்டிருந்தோம். 97 வரிகள் வந்தன. 97 ம் சேமிப்பு அட்டவணையைச் சேர்ந்தவை. எல்லாம் 9 ஆம் எண் உறுப்பினரைச் சுட்டின. உறுப்பினர் அட்டவணையில் 9 ஆம் எண் இல்லை. உறுப்பினரை நீக்கும்போது அவருடைய சேமிப்பை என்ன செய்வது என்று செயலி கேட்கவில்லை. இத்தகைய தொடர்புகளைக் காக்கும் காவல் எஸ்.கியூ.லைட்டில் இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும் என்பதால், கோப்பும் தடுக்கவில்லை.

“ஒன்பதாம் நம்பர் யாரு?” என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு மூத்த பெண்மணி ஒருவர் மெல்லச் சொன்னார்: “அது நம்ம ஆயாவோட நம்பரு.”

கோடிவீட்டு ஆயாவை நானும் அறிவேன். குழுவில் எல்லாரினும் மூத்தவர். 2020 ஊரடங்கின்போது இறந்துபோனார். ஊரே வாசலைத் தாண்டாத நாட்கள் அவை. அடக்கத்துக்குக்கூடப் பலரால் போக முடியவில்லை. பல மாதங்கள் கழித்துக் கூட்டம் மறுபடி தொடங்கியபோது, வருகைப் பதிவில் அவர் பெயர் வந்துகொண்டே இருந்ததால் செயலியிலிருந்து நீக்கினார்கள். பெயரோடு கணக்கும் கண்ணுக்கு மறைந்தது. அந்தக் குழப்பமான காலத்தில் அவருடைய சேமிப்பைப் பற்றி எவருக்கும் நினைவு எழவில்லை. அவருடைய பெயரை மறந்த கோப்பு, அவருடைய காசை மறக்கவில்லை. முதல் வரி 2018 மே 16. கடைசி வரி 2020 மார்ச் 18. அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே, இரண்டையும் சேர்த்து, 97 புதன்கிழமைகள். வரிகளும் 97. ஒரு வாரமும் அவர் தவறவில்லை. 97 முறை 50 ரூபாய், 4,850 ரூபாய்.

குழுவின் கணக்கில் நெடுநாளாக ஒரு புதிர் இருந்தது. கடனையும் வட்டியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வங்கியில் இருந்த தொகை செயலி காட்டிய தொகையைவிட 4,400 ரூபாய் கூடுதலாகவே இருந்து வந்தது. குறைந்தால்தானே கவலை என்று விட்டிருந்தார்கள். என் தாயார் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்: 4,850 இலிருந்து 450 போனால் 4,400. ஆயாவின் காசில், அக்காவின் கூடுதல் சுழியம் போக மீதி. கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நேரானது. அந்தத் திண்ணையில் கைதட்டல் எழவில்லை. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டனர்.

ஆயாவின் மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வந்தபோது, ஆயாவின் சேமிப்பும் அதற்குரிய பங்கும் மருமகளிடம் வழங்கப்பட்டன. தீர்மானப் பதிவேட்டில் அனைவரும் கையொப்பமிட்டனர். தகரப் பெட்டியில் ஆயாவின் பாஸ் புத்தகம் இருக்கிறது என்று அந்த அக்கா எடுத்து வந்து காட்டினார். பாதிப் பக்கங்களே எழுதப்பட்டிருந்தன. எழுதப்படாத வாரங்களுக்கும் சாட்சி சொன்னது அந்தக் கோப்புதான்.

இந்நிகழ்ச்சியைப் பலமுறை எண்ணிப் பார்க்கிறேன். நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிக் காத்த முறை நினைவுக்கு வருகிறது. ஏட்டுக் கட்டில் ஓலைகள் குறையாமல் இருக்கின்றனவா, வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு வேலை. ஓலையில் உள்ள பாடம் சரியானதா என்று பார்ப்பது வேறொரு வேலை. அதற்கு வேறு ஊரில், வேறு வீட்டில் உள்ள இன்னொரு சுவடி வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் ஊர் ஊராகச் சுவடிகள் தேடி ஒப்புநோக்கியது இதற்காகவே. எங்கள் கருவி சொன்ன ‘ஓகே’ முதல் வேலை முடிந்ததற்கான சான்று மட்டுமே. ஏடு சரி என்றது. எழுத்து சரியா என்பதற்கு, 15 பாஸ் புத்தகங்களும் 15 பெண்களின் நினைவும் அவர்களது நேர்மையுமே ஒப்புநோக்கும் சுவடிகளாக அமைந்தன.

ஆனால் அவர்கள் ஒப்புநோக்க முடிந்தது எதனால்? கொட்டும் கட்டளை அந்தக் கணக்கை அவர்கள் கையில் காகிதமாகக் கொடுத்ததனால். செயலிக்குள் இருந்தவரை அது கூட்டுத்தொகையாக மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது. வரி வரியாக அவர்கள் அதைக் கண்டதில்லை. ஒரு பதிவு எவரைப் பற்றியதோ அவர் படிக்கும் நிலையில் இருந்தால்தான், அதிலுள்ள பிழையைப் பிழை என்று சொல்ல ஆள் இருக்கும். இல்லையேல் பிழையும் உண்மையும் ஒரே ‘ஓகே’யின் கீழ் ஒன்றாக உறங்கும். கோப்பு அமைப்பு இரகசியமாக இல்லாமல், உலகறிய எழுதி வைக்கப்பட்டிருந்ததும் எங்கள் நற்பேறு. செயலியைச் செய்தவர்கள் போன பின்னும் அவர்கள் விட்டுச் சென்ற கோப்பை வேறொரு கருவியால் படிக்க முடிந்தது. பூட்டிய பெட்டியாக அது இருந்திருந்தால், ஆயாவின் 97 புதன்கிழமைகளும் இன்று இல்லை.

கணிப்பொறி பயிலும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாளை நீங்கள் எங்கேனும் ஒரு கணக்கு நிரல் எழுதுவீர்கள். பெயரை நீக்கும் பொத்தானை வைக்கும்போது, அந்தப் பெயரோடு தொங்கும் வரிகள் என்னாகும் என்று ஒருமுறை எண்ணுங்கள். உள்ளே போவதெல்லாம் எழுத்தாக வெளியே வர ஒரு வழி வையுங்கள். மற்ற துறை நண்பர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டிலோ, சங்கத்திலோ, கடையிலோ கணக்கு ஏதேனும் ஒரு செயலிக்குள் இருக்குமாயின், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே அதை எழுத்தாகக் கொட்டி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான பிறகு தேடினால் எல்லாருக்கும் எங்களைப் போல் வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் குழுவில் இப்போது மாதத்தின் கடைசிப் புதன்கிழமை ஒரு புதிய வழக்கம். கோப்பைச் சரிபார்த்து, உரையாகக் கொட்டி, அச்சிட்ட தாளைத் திண்ணையில் விரித்து வைக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் விரலால் தம் வரியைத் தொட்டுக் கேட்கிறார். ‘ஓகே’ என்று கருவி சொல்லியிருந்தாலும், “சரிதான்” என்று 15 பேரும் சொன்ன பிறகே அந்தத் தாள் பதிவேட்டில் ஒட்டப்படுகிறது.